நிறம் இல்லாத தண்ணீர்

1

இந்த ஆவணியோடு மொரீசியஸ் தீவுக்கு நாங்கள் வந்து பத்து வருடம் ஆகிறது. திருப்பூரில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "கடல், காடு, பறவைன்னு எதாச்சும் எழுதி அனுப்புங்க, நம்ம பக்கத்து ஆளுங்க படிக்கட்டும்" என்று கடிதம் போட்டிருந்தார். நான் இங்கே ஒரு பனியன் தொழிற்சாலையில் சாய மாஸ்டர். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு. பறவைகளையும் ஓடைகளையும் காக்கிற தன்னார்வக் குழு ஒன்றில் மண்வெட்டி பிடிக்கிறேன். நண்பருக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

எழுத உட்கார்ந்தேன். பறவையைப் பற்றி நாலு வரி எழுதினால் ஐந்தாவது வரியில் தண்ணீர் வந்து நிற்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாலும் அதே கதைதான். ஆகவே தண்ணீரைப் பற்றியே எழுதிவிடுகிறேன். படிக்கச் சுகமாக இருக்காது, நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதும் இன்று, அடுத்த வருடம் இந்தத் தீவில் இருப்போமா என்பதும் எங்களுக்குத் தெரியாது.

2

இங்கே வெளிநாட்டுக்காரன் வேலை பார்க்க வருடாவருடம் அனுமதி புதுப்பிக்க வேண்டும். தொழிற்சாலை கையெழுத்துப் போட்டால்தான் படிவம் மேசையை விட்டு நகரும். முதல் வருடம் அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தீவு முழுக்க நான் பழனிசாமிதான். செத்துப்போன அப்பாவைக் கடைவீதியில் யாரோ கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன். என் மனைவி சரசுவும் பழனிசாமி, மகள் கவிதாவும் பழனிசாமி. மாமனார் பெயரைத் தன் பெயராகக் கையெழுத்துப் போட சரசு ஒரு மாதம் கூச்சப்பட்டாள்.

வந்தபோது கவிதாவுக்கு ஐந்து வயது. இரண்டே வருடத்தில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் அவள் வாயில் தண்ணீராக ஓடியது. தமிழ், "சோறு போடும்மா", "தலை வாரி விடும்மா" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. நான் திருப்பூரைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அவள் கண் ஜன்னலுக்குப் போய்விடும். எனக்கு அது வலித்தது. சொல்லிக் காட்டியதில்லை.

அவள் பன்னிரண்டு வயதில் பள்ளி வழியாக அந்தத் தன்னார்வக் குழுவில் சேர்ந்தாள். ரெனே என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை நடத்துகிறார். பெண் பிள்ளையைத் தனியாகக் காட்டுக்கு அனுப்புவதா என்று நானும் கூடவே போனேன். முதல் நாளே சண்டை. மலைச் சரிவில் காய்த்துக் குலுங்கும் சீனக் கொய்யாவை வேரோடு பிடுங்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த மரமாம், இந்த மண்ணின் மரங்களை எழவிடாமல் அமுக்குகிறதாம். காய்க்கிற மரத்தில் கை வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "வெளியிலிருந்து வந்ததைப் பிடுங்குவதானால் முதலில் என்னைப் பிடுங்குங்கள்" என்று அரைகுறைக் கிரியோலில் சொன்னேன். ரெனே சிரித்துவிட்டார். "நீங்கள் வருடாவருடம் அனுமதி வாங்குகிறீர்கள். கொய்யா வாங்கவில்லையே" என்றார். கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

மூன்று வருடம் அப்படிப் போனது. மலையடிவாரத்தில் ஓர் ஓடை, அதில் சேறு மண்டிய ஒரு குட்டை. குட்டையைத் தூர்வாரி, கரையில் கோரை நட்டு, நீர்க்கோழிகள் திரும்பி வரும்படி செய்தோம். குட்டைக்குக் கீழே ஒரு சிற்றூர். அங்கே பெண்கள் ஓடைக்குள்ளேயே கிரேசோன் என்றொரு கீரை வளர்க்கிறார்கள். ஓடும் தண்ணீரில் மட்டுமே வரும் கீரை அது. அவர்களுக்காகக் குழுவினர் எல்லோருமாகக் கல் அடுக்கிப் பாத்தி கட்டிக் கொடுத்தோம். அந்தப் பெண்களில் லெச்சுமி என்று ஒருத்தி. அவளுடைய முப்பாட்டன் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். லெச்சுமிக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது, தைப்பூசத்துக்குக் காவடி மட்டும் தவறாமல் எடுப்பாள். அவள் வீட்டிலும் இன்னும் ஏழெட்டு வீடுகளிலும் அடுப்பு எரிவது அந்தக் கீரையால்தான்.

சனிக்கிழமை மாலைகளில் நானும் கவிதாவும் சேறு படிந்த காலோடு பஸ்ஸுக்கு நிற்போம். அப்போது மட்டும் அவள் என்னோடு தமிழில் பேசுவாள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

3

எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் நான் வேலை பார்த்த சாயப்பட்டறை நொய்யல் கரையோரம் இருந்தது. வெள்ளைப் பனியன் மட்டும் போட்ட காலத்தில் வெளுக்கிற வேலை ஒன்றுதான். வெளிநாட்டு ஆர்டர் வந்தது, கலர் சட்டை கேட்டார்கள். சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். தூத்துக்குடியிலிருந்து லாரி லாரியாக உப்பு இறங்கியது. அடர்ந்த நிறம் என்றால் மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டுவோம். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகும். உப்பு போட்டது போட்டபடி வாய்க்காலில் போகும். பட்டறையில் துணி அலசுகிறவருக்கும் இது தெரியும். ஆனாலும் உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்தது சாயம் ஒன்றுதான்.

ஒரு நாள் காலை ஆற்றுக்குக் கீழே இருக்கும் ஊர்களிலிருந்து விவசாயிகள் பத்துப் பேர் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். கையில் பாட்டில். பாட்டிலில் செக்கச் சிவந்த தண்ணீர். முதலாளி அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, ஒரு மாதத்தில் சரி பண்ணித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், கலர் போகோணும். ஆத்துல கலர் தெரியப்படாது. அவ்வளவுதான், வேறெதும் கேக்காதீங்க."

நானும் வேறெதும் கேட்கவில்லை. வாய்க்கால் முனையில் செங்கல் தொட்டி ஒன்று கட்டினேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிக் கலக்கிவிட்டால் நிறம் அப்படியே செத்துப்போகும். தொட்டியிலிருந்து தண்ணீர் பளிங்காக வெளியே விழுந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். நிறம் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கண்ணில் தேறினால் சரக்கு தேறியது என்று சொல்லிப் பழகிய கூட்டம் நாங்கள். அந்தக் கண்ணாலேயே தண்ணீரையும் பார்த்தோம். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து தொட்டியை அளந்துகொண்டு போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

4

சரசுவின் அண்ணன் துரைசாமிக்கு நொய்யல் கரையில் ஆறு ஏக்கர் நிலம். திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற வழியில் வடக்கே பிரிந்து போக வேண்டும். தென்னையும் மஞ்சளும் வைத்திருந்தார். காங்கேயம் மாடு ஒரு ஜோடி உண்டு. ஆற்றில் சிவப்பு ஓடியபோது பயந்து ஆற்று மோட்டாரை நிறுத்தியிருந்தார். தண்ணீர் தெளிந்ததும் பட்டறைக்கே சைக்கிளில் வந்துவிட்டார்.

"மாப்ளே, தண்ணி கண்ணாடியாட்டம் வருதுங்க. நீங்கதான் தொட்டி கட்டுனதுன்னு சொன்னாங்க. மோட்டாரப் போட்டுக்கலாமுங்களா?"

முதலாளி நாலடி தள்ளி நின்றிருந்தார். நான் டம்ளரில் தண்ணீரைப் பிடித்து துரைசாமியிடம் காட்டினேன்.

"போட்டுக்கங்க மச்சான்" என்றேன்.

"நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் மோட்டார் போடப் போனார்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் மஞ்சள் ஓரம் கருகியது. மண் காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பொரிந்து நின்றது. பிறகு கிணறும் கெட்டது. பொங்கலுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுக் குடிக்காமல் தலையைத் தூக்கிக்கொண்டன. துரைசாமி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ளே, தெளிஞ்ச தண்ணிதானுங்களே?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் மாட்டுக்கு ஏதாவது நோய் இருக்கும் என்று சொன்னேன். அடுத்த மாதம் காங்கேயம் சந்தையில் மாடுகளை விற்றார். மொரீசியஸில் மாஸ்டர் வேலை என்று ஒருவர் சொன்னபோது சம்பளம் எவ்வளவு என்றுகூட நான் கேட்கவில்லை. ஓடி வந்தேன் என்று சொல்வதுதான் சரி. துரைசாமி இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். கவிதாவிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. சரசுவும் பேசியதில்லை, அண்ணன் கடிதம் வரும் நாளில் மட்டும் அவள் சீக்கிரம் படுத்துவிடுவாள்.

5

இங்கே முதல் எட்டு வருடம் சாயமேற்றிய துணி வெளியிலிருந்து வந்தது. நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. ஒன்பதாவது வருடம் தொழிற்சாலை சொந்தமாகச் சாயப்பிரிவு தொடங்கியது. தண்ணீர் வசதி பார்த்து மலையடிவாரத்தில் இடம் பிடித்தார்கள். எந்த இடம் என்று போய்ப் பார்த்தேன். எங்கள் குட்டைக்கு அரை மைல் மேலே, அதே ஓடையின் கரை.

மேனேஜர் தோளில் கை போட்டுக் கேட்டார். "சுத்திகரிக்கும் இயந்திரம் வர இரண்டு வருடம் ஆகும். ஓடை நிறம் மாறினால் ஊர்க்காரர்கள் கூச்சல் போடுவார்கள். உங்கள் ஊரில் எப்படிச் சமாளித்தீர்கள்?"

அந்த வாரம்தான் அனுமதிப் படிவம் அவர் மேசைக்குப் போயிருந்தது. கவிதாவுக்கு மறுவருடம் பெரிய பரீட்சை. அனுமதி போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? இப்படிக் காரணம் எனக்கு நிறைய இருந்தது. செங்கல் வரவழைத்துத் தொட்டி கட்டினேன். இரண்டாம் தடவை ஆகையால் நாலே நாளில் முடிந்தது.

சாயப்பிரிவு வருவது ரெனேவுக்குத் தெரிந்ததும் குழுவைக் கூட்டினார். கவலையோடுதான் பேச ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. நம்மிடமே சாயம் தெரிந்த ஆள் இருக்கிறார், மாதாமாதம் இவரே தண்ணீரைப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எழுதி வைக்கும் பொறுப்பைக் கவிதா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

6

அவளுடைய நோட்டில் மூன்று கட்டம். நீர்க்கோழி எத்தனை, கூடு எத்தனை, தண்ணீரின் நிறம் என்ன. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நான் டம்ளரில் பிடித்து வெயிலில் காட்டுவேன். அவள் "நிறம் இல்லை" என்று எழுதுவாள். தமிழில்தான் எழுதினாள். அந்த இரண்டு வார்த்தையும் நான் எழுதிக் காட்டிப் பழக்கியவை.

நாலாவது மாதம் தவளைச் சத்தம் குறைந்திருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு கூட்டில் முட்டைகள் குளிர்ந்து கிடந்தன, தாய்ப் பறவை இல்லை. ஆறாவது மாதம் கோரையின் அடித்தண்டு வெளுத்திருந்தது. விரல்நீள மீன்கள் கரையோரம் மிதந்தன.

"தண்ணி தெளிவா இருக்கு. அப்புறம் ஏம்ப்பா போகுதுங்க?" என்று கேட்டாள் கவிதா.

"கீரி" என்றேன். கீரியும் இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்ததுதான், பறவை முட்டையைத் தின்னும். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் மாஸ்டர் சொன்னது குழுவுக்குப் பெரிய வார்த்தை. ரெனே இரும்புப் பொறிகள் வரவழைத்தார். அடுத்த இரண்டு மாதமும் சனிக்கிழமை தவறாமல் கீரி பிடித்துக் கொன்றோம். நானும் பொறி வைத்தேன். பிடிபட்ட கீரிகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். நோட்டில் நீர்க்கோழியின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது, பக்கத்துக் கட்டத்தில் "நிறம் இல்லை" வரிசையாக நின்றது. ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை உயிர் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு லெச்சுமியின் கீரை மஞ்சளாக வெளிறத் தொடங்கியது.

7

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கீரை வளர்க்கும் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். லெச்சுமி எழுந்து நேராக என்னைக் கேட்டாள்.

"இலை ஓரம் கருகுகிறது. நல்லதாகப் பார்த்துக் கிள்ளி விற்கிறோம். நீங்கள் தண்ணீர் தெரிந்தவர். நாங்கள் தொடர்ந்து கிள்ளலாமா, நிறுத்தட்டுமா?"

நான் எழுந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதற்குள் கவிதா நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "மாதாமாதம் என் அப்பாதான் பார்க்கிறார். நான் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். தண்ணீரில் ஒன்றுமில்லை" என்று கணீரென்று கிரியோலில் சொன்னாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை இருந்தது. கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது லெச்சுமி எங்களுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுத்தாள். கவிதாவுக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சரசு அதைப் பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தாள். மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கவிதா சோற்றில் கீரையை ஊற்றிப் பிசைந்தாள். கவளம் உருட்டினாள். அந்தத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது, தின்றால் என்ன ஆகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னென்ன கொட்டினோம் என்பது மட்டும் தெரியும். என் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"திங்காத கண்ணு."

"ஏம்ப்பா?"

சரசு கரண்டியைக் கீழே வைத்தாள். பத்து வருடமாகக் கேட்காததை அன்று கேட்டாள்.

"ஏனுங்க, இங்கயும் அதேதானுங்களா?"

கவிதா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இங்கயும்னா? வேற எங்க?"

சரசுவே சொன்னாள். அண்ணனின் நிலம், மாடு, மோட்டார், டம்ளர் எல்லாவற்றையும் தட்டைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். இவ்வளவு விவரமாக அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கவிதா ஜன்னலைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். திருப்பூரைப் பற்றி அவள் முழுதாகக் கேட்ட முதல் கதை அதுதான்.

கேட்டு முடித்ததும், "அப்ப லெச்சுமி ஊட்டுல தின்னுட்டு இருப்பாங்களே" என்றாள். கையைக் கழுவவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

"கூடப் போங்க" என்றாள் சரசு. "சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க. அவளச் சொல்ல வெக்காதீங்க."

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கவிதா லெச்சுமியின் வாசலில் நின்றிருந்தாள். எனக்கு முன் போன பஸ்ஸில் வந்தவள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. லெச்சுமி தரையில் பாயை விரித்து, திங்கட்கிழமைச் சந்தைக்குக் கீரைக்கட்டுகளை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினாள்.

என் கிரியோல் நொண்டிக் கிரியோல். இருந்தாலும் தொட்டி, உப்பு, பிளீச்சிங் பவுடர், கீரி எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் கவிதா எடுத்துக் கொடுக்கவில்லை. நானே தட்டுத் தடுமாறி முடித்தேன்.

லெச்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"ஓடைக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்பே தெரியும்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே திரும்பி யாரிடமோ, அடுப்பில் இருப்பதை இறக்கிக் கொட்டச் சொன்னாள். பிறகு கட்டி முடித்த கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நாரை அவிழ்த்துக் குப்பைக் கூடையில் போட ஆரம்பித்தாள். கவிதா பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்தாள். கட்டுகள் நிறைய இருந்தன. நானும் குனிந்து ஒன்றை எடுத்தேன்.

கவிதா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க தொட வேண்டாம்ப்பா" என்றாள்.